விளையாட்டு வயலும் பேர்க் கணக்கும்

உழைப்பு மனிதனுக்குச் சுமையா, சுகமா என்பது பழைய கேள்வி. அதையே இப்போது கைத்தொலைபேசி புதிதாகக் கேட்கிறது. மண்ணைக் கொத்தி, விதை போட்டு, மாட்டுக்குத் தீனி வைப்பதைக் கூலிக்குச் செய்பவன் எப்போது பொழுது சாயும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அதே வேலையைத் திரையில் விரலால் செய்பவனுக்குப் பொழுது சாய்ந்ததே தெரிவதில்லை. ஆனால் சில மாதங்கள் சென்றதும் அவனும் களைத்துப்போய் ‘போதும்’ என்கிறான். இந்த இன்பம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் களைப்பாக மாறுகிறது என்று தேயிலை மலைகளுக்கு நடுவிலிருந்து யோசிப்பதில் ஒரு வசதி உண்டு. இரண்டு வகை விவசாயத்தையும் செய்பவர்கள் இங்கே ஒரே லயத்துக் காம்பராவுக்குள் வாழ்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய தொலைபேசிகள் நோர்வூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குள் வந்தன. பிள்ளைகள் ‘சிக்னல்’ தேடி மலையேறினார்கள். பாடசாலை திறந்த பின்னும் தொலைபேசி வீட்டில்தானே இருக்கும்! அதற்குள் ‘ஹே டே’ புகுந்துகொண்டது. பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு அது. கோதுமை 2 நிமிடத்தில் விளைந்துவிடும். பெற்றார் கூட்டத்துக்கு வந்திருந்த, கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: “நாள் பூரா மலையில நின்னுட்டு வர்றேன் சேர். இவ என்னான்னா போன்லயும் தோட்டம் வச்சிருக்கா. இதுல என்னா சந்தோசம்?”

அட்டை கடிக்காது, குளவி கொட்டாது, மழையில் நனைய வேண்டியதில்லை என்று பதில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். அட்டையும் குளவியும் இல்லாத எத்தனையோ விளையாட்டுகள் மனிதரைச் சலிப்படையச் செய்கின்றன. மறுபுறம், இதே தாய் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் இறங்கினால் இருட்டும் வரைக்கும் ஏறமாட்டார். லீக்ஸ், போஞ்சி, கொஞ்சம் உருளைக்கிழங்கு. அங்கும் அட்டை இருக்கிறது, முதுகும் வலிக்கிறது. இருந்தும் பக்கத்துக் காம்பராப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டுகிறார், “பாத்தியா, எப்படி வந்திருக்குன்னு.” மலையில் தான் எடுத்த கொழுந்தை அவர் அப்படி யாருக்கும் காட்டி நான் கண்டதில்லை.

கொழுந்தெடுப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைத் தோட்டத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். காலையில் பிரட்டுக்குப் போக வேண்டும். நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படும். தோட்டம் விதித்த கிலோ கணக்கு நிரம்பினால்தான் ‘பேர்’. குறைந்தால் அரைப் பேர். அந்தக் கிலோவும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 2021இல் நாட்கூலி 1000 ரூபாயாக உயர்ந்தபோது, கூடவே கிலோவும் உயர்ந்தது என்பதே பல தோட்டங்களில் எழுந்த சண்டை. ஒரு வாரம் சென்றால் அதே செடி மறுபடி துளிர்த்து நிற்கும். சுற்று தவறினால் இலை முற்றிவிடும். தேயிலைக்கு விதைப்பு நாளுமில்லை, அறுவடை நாளுமில்லை. பாட்டி காலத்தில் நட்ட செடியைப் பேத்தி கிள்ளுகிறாள். நெல் விளையாத மலையில் மக்கள் நெல்லின் பண்டிகையான பொங்கலை அவ்வளவு ஆசையாகக் கொண்டாடுவதற்கு, முடிவுள்ள ஒரு வேலைக்காக மனது ஏங்குவதும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பண்ணை விளையாட்டுகள் தருவது அந்த முடிவைத்தான். போட்ட விதை, வளர்ந்த பயிர், நிறைந்த களஞ்சியம் எல்லாமே ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன. யப்பானில் 1996இல் வந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ இந்த வகைக்கு வழிகாட்டியது. நாட்டுப்புறத்தில் வளர்ந்து தோக்கியோவுக்கு வேலைக்கு வந்த யசுஹிரோ வாடா என்பவர் அதை உருவாக்கினார். 2016இல் அமெரிக்கர் எரிக் பரோன் தனியாளாக உருவாக்கிய ‘ஸ்டார்டியூ வெலி’யின் நாயகன், பெரிய கம்பனியொன்றின் மேசை வேலையை விட்டுத் தாத்தாவின் பாழடைந்த நிலத்துக்குத் திரும்புகிறான். தேவையில்லாத தடைகளை நாமே விரும்பி ஏற்றுக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று மெய்யியலாளர் பேர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அவருடைய விளக்கத்தில் ‘விரும்பி’ என்ற சொல்லே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோன்பாளியின் பசியும் அடுப்பெரியாத வீட்டின் பசியும் வயிற்றுக்கு ஒன்றுதான். முன்னதற்கு நிய்யத்து இருக்கிறது, மஃரிபும் இருக்கிறது. பின்னதற்கு இரண்டுமில்லை.

அப்படியானால் விரும்பித் தொடங்கிய விளையாட்டு ஏன் களைப்பைத் தருகிறது? 2009 ஜூனில் பேஸ்புக்கில் தொடங்கிய ‘பார்ம்வில்’லைப் பாருங்கள். அடுத்த ஆண்டிலேயே மாதமொன்றுக்கு 8 கோடிக்கும் அதிகமானோர் அதில் பயிரிட்டார்கள். விதைத்த பயிர் இத்தனை மணிக்கு விளையும். உரிய காலத்தில் வந்து அறுக்காவிட்டால் கருகும். காசு கொடுத்தால் கருகியதை மீட்கலாம். 2010இல் பல்கேரியாவின் புளோவ்டிவ் நகரசபையில், வரவுசெலவுக் கூட்டத்தின்போது மாடு கறந்த உறுப்பினர் ஒருவரைக் குழுவிலிருந்தே நீக்கினார்கள். இதைப் பரிகசிக்க அதே ஆண்டில் இயன் போகொஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மாட்டை 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தட்டுவதைத் தவிர வேறெதுவும் இல்லாத ‘கௌ கிளிக்கர்’ என்ற விளையாட்டைச் செய்தார். பரிகாசம் பலிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அதையும் ஆர்வத்தோடு தட்டினார்கள். 2011இல் அவர் மாடுகளை எல்லாம் மறையச் செய்தார். மாடு நின்ற வெற்றிடத்தைச் சிலர் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நடந்திருப்பது என்ன? சுற்று தவறினால் முற்றும் இலைபோல, வேளை தவறினால் கருகும் பயிர் வந்துவிட்டது. நேரம் விளையாடுபவனின் கையைவிட்டுப் போய்விட்டது. விளையாட்டுக்குள் பேர் போடும் செக்ரோல் நுழைந்துவிட்டது. ‘ஹே டே’யில் பயிர் கருகாது, ஆனால் ‘டேர்பி’ என்றொரு வாராந்தப் போட்டி இருக்கிறது. குழுவில் ஒருவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் மற்றவர்கள் கோபிப்பார்கள், சில குழுக்களில் வெளியேற்றியும் விடுவார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்த மாணவியிடம் விசாரித்தால் “லீடர் ஏசுவாங்க சேர்” என்கிறாள். கங்காணி எங்கிருக்கிறார் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

எல்லாப் பழியையும் கம்பனிகள் மீது போட்டுவிடவும் முடியாது. ‘ஸ்டார்டியூ வெலி’யில் காத்திருந்து காசு கேட்பவர் எவருமில்லை. எனினும் 28 நாள் கொண்ட பருவம் முடிவதற்குள் எந்தப் பயிர் எவ்வளவு இலாபம் தரும் என்று அட்டவணை போட்டுத் தன்னைத்தானே விரட்டிக் களைத்துப்போகிறவர்கள் உண்டு. ஒரே ஆளே துரையாகவும் கொழுந்தாளாகவும் இருக்கிறார். லயத்துப் பின்புறத்துத் தோட்டத்தில் அந்தத் தாய் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்கத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குப் பிரட்டு நாளாகிவிடும்.

விளையாட்டு வயலில் எனக்கு மனக்குறையான விடயம் வேறொன்று. அங்கே மண் சொன்னபடி கேட்கிறது. அழுத்தினால் முளைக்கிறது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே வர்த்தமானியால் தடைசெய்து, நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறிவிடும் என்று எதிர்பார்த்தவர்களும் மண்ணைப் பொத்தான் என்றே எண்ணியிருக்க வேண்டும். தேயிலையும் மரக்கறியும் வாடின. நவம்பரில் தடையை நீக்கினார்கள். விளையாட்டில் தோற்றவன் மறுபடி தொடங்கலாம், வெறுத்தால் விட்டுவிடலாம். அந்த ஆண்டு நுவரெலியாவில் கிழங்கு போட்டவனுக்கு இரண்டு வழியும் இருக்கவில்லை.

பரப்பளவுப் பாடத்துக்காகச் சென்ற தவணையில் 7 பேர்ச் நிலத்தை மைதானத்தில் கயிறு கட்டிக் காட்டினேன். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தோட்டக் குடும்பமொன்றுக்கு ஒதுக்கப்பட்டுவந்த அளவு அது. ஏறக்குறைய 1900 சதுர அடி. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்ததும் இதே நோர்வூட்டில்தான். என் வகுப்பில் அநேகருக்கு இன்னும் லயம்தான் வீடு. கயிற்றுக்குள் இறங்கியவர்கள் கணக்கை மறந்துவிட்டார்கள். வீடு இந்த மூலையில், லீக்ஸ் பாத்தி அந்த மூலையில், கோழிக்கூடு காற்றுப் பக்கம் வேண்டாம், நாறும் என்று வாதாடினார்கள். இடைவேளை மணி அடித்தும் எவரும் நகரவில்லை. ஒரு பையன் மட்டும் என்னிடம் வந்து, மலசலகூடமும் இந்த 7 பேர்ச்சுக்குள்தானா, வெளியே கட்டலாமா என்று கேட்டான்.