எழுதிய கை எது?

ஓவியம் எழுதுவோரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று மதுரைக்காஞ்சி குறிக்கிறது. பார்ப்பவர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துபவர் என்பது அதற்கு உரையாசிரியர் தரும் விளக்கம். கண்ணும் கையும் உடைய மனிதரைப் பற்றியே அன்று அவ்வாறு கூறினர். இன்றோ கண்ணும் இல்லாத, கையும் இல்லாத பொறியொன்று, நாம் நான்கு சொற்களைத் தட்டிய அளவில் நான்கு படங்களை நம்முன் நீட்டுகிறது. இத்தகைய பொறிகள் பல வந்துவிட்டமையால், எதனிடம் கேட்பது என்பது கலைஞர்க்கும் வணிகர்க்கும் தொழில் வினாவாகிவிட்டது. அது ஓர் அறவினாவும் ஆகும் என்பதை எனக்கு உணர்த்தியது, நம் பொம்மசந்திராவில் உள்ள ஒரு சிறு கடை.

அக்கடை என் தங்கை மகனுடையது. ஓசூர்ச் சாலைத் தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைகளுக்கு விலைப்பட்டியல், இனிப்புக் கடைக்கு அட்டைப்பெட்டி, நம்மவர் இல்லத் திருமணங்களுக்கு அழைப்பிதழ், எல்லார்க்கும் பெயர்ப்பலகை: இவையே அவன் பிழைப்பு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ இங்குவரை வந்தபின் கடைகளும் பெருகின. அவனுக்கு வேலையும் பெருகியது.

பொறிகளைப் பற்றி அவனுக்கு ஒரு கணக்கு உண்டு. 2022 ஜூலையில் பலரும் பயன்படுத்தும்படி வெளிவந்த மிட்ஜர்னி அழகாக எழுதும். மாதக் கட்டணம் கேட்கும். அடுத்த மாதமே வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனை நம் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளலாம், கூலி இல்லை, நாம் காட்டும் படங்களைக் கொண்டு அதற்குப் புதிதாகப் பயிற்சி தரவும் இயலும். 2023 மார்ச்சில் வந்த அடோபி நிறுவனத்தின் ஃபயர்ஃபிளை வணிகத்துக்கு அச்சமற்றது என்பர். தமிழெழுத்தில் மட்டும் அவன் கைக்கொண்ட பொறிகள் அனைத்துமே தடுமாறியிருக்கின்றன. தொலைவில் நின்று பார்த்தால் தமிழ். கிட்டச் சென்றால் எம்மொழியும் அன்று! ஆகவே எழுத்தை மட்டும் அவனே கோத்துக்கொள்கிறான்.

விலை, அழகு, விரைவு என்னும் மூன்றையும் அவன் எடை போட்டான். அப்பொறி எதை உண்டு வளர்ந்தது என்பதை அவன் எடை போடவில்லை; நானும் அன்று கேட்கவில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன், லயான் என்னும் பெருந்தொகுப்பிலிருந்து கற்றது. அத்தொகுப்பில் 585 கோடிப் படங்கள் விளக்கச் சொற்களோடு சுட்டப்பட்டுள்ளன. எழுதியவர் இசைவை எவரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னிமீது தொடுத்தன. பெருநிறுவனங்களுக்கு வழக்கறிஞர் படையே உண்டு. பலகை எழுதிப் பிழைத்தவர்க்கு?

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். கிருட்டிணகிரிப் பக்கத்திலிருந்து இளமையிலேயே வந்தவர். தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்தும் அவர் தூரிகைக்கு வசப்பட்டவை. இப்பகுதியில் நம்மவர் நடத்தும் மெஸ் ஒன்றின் பலகையில் அவர் எழுதிய மயில், முப்பது ஆண்டு வெயிலைக் கண்டது. 2024இல் பெயர்ப்பலகையில் அறுபது விழுக்காடு கன்னடம் இருத்தல் வேண்டும் என்று கருநாடகத்தில் சட்டம் வந்தபோது, அப்பலகையையும் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய மயிலே வேண்டும் என்றார் மெஸ் உரிமையாளர். பெரியவர்க்கோ கை நடுக்கம். என் மருமகன் அவர் எழுதிய பலகைகளைத் தெருத்தெருவாகச் சென்று படம் எடுத்தான். தன் கணிப்பொறியில் இருந்த பொறிக்குப் பயிற்சியாகக் கொடுத்தான். அது நாற்பது மயில்களை ஈன்றது. பெரியவரிடம் அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு.

தேநீர் அருந்த வந்தவர் கண்ணில் அது ஒருநாள் பட்டுவிட்டது. நெடுநேரம் பார்த்தார். “தம்பி, இது என் மயில்தான். ஆனால் என் மயில் ஒற்றைக் காலில் நிற்கும்; மற்றக் காலை இறகுக்குள் மறைத்துவிடுவேன். எனக்கு மயிலின் விரல் எழுத வராது. இது யாருடைய காலை வாங்கி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது?” என்றார்.

சினம் இல்லை அக்குரலில். அதனாலேயே எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

அவர் சென்றபின் மருமகன் என்னிடம், “மாமா, பாணிக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது” என்றான். உண்மைதான். இன்னும் ஒருபடி மேலே சென்று, அவனுக்குச் சார்பாகவும் சொல்லலாம்: கூலி கொடுத்து ஓவியம் எழுதச் செய்தவரே, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆக அந்த மயில் மெஸ்ஸுக்கு உரியது. ஆயினும் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு வேறொன்று கூறுகிறது. உரிமை கைமாறிப் போயினும், ‘இது நான் செய்தது’ என்று சொல்லிக்கொள்ளவும், தன் மதிப்புக்கு ஊறு நேரும்படி அதனைச் சிதைப்பதைத் தடுக்கவும் படைத்தவனுக்கு உரிமை உண்டு என்பது அது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்த தம் சுவர்ச்சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் என்னும் சிற்பி அரசையே எதிர்த்து 2005இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வென்றது இப்பிரிவின் வலிமையால்தான். சட்ட நூலைத் திறந்தும் அறியாத பெரியவர், காலைச் சுட்டிக் கேட்டது ஏறத்தாழ இதனையே.

பார்த்து எழுதுதல் கலையுலகில் புதிதன்று என்பாரும் உளர். நம் பூசையறைப் படங்களின் வரலாறே அவர்கள் கட்சிக்குச் சான்று தரும். இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களைப் படிகளாக்கினார். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜு நாடகத் திரை எழுதியவர். சிவகாசி நாட்காட்டிகளின் வழியே அவர் தெய்வங்கள் நம் பாட்டிமார் வீட்டுச் சுவர்களை அடைந்தன. அவர் கையைப் பார்த்தே மாணாக்கர் கற்றனர். ஆனால் அவர் பெயரோடு மாணாக்கர் சுப்பையாவின் பெயரும் சேர்ந்து நிற்கும் படங்கள் உண்டு. யாரிடமிருந்து பெற்றோம் என்பதை அப்படத்தின் மூலையே சொல்லிவிடுகிறது. ஆசிரியர் அறியாமல் அங்கே கற்றவர் எவருமிலர். பொறி கற்ற அப்பெருந்தொகுப்பில் எந்த மூலையை நாம் தேடுவது?

அப்படியாயின் உரிமம் பெற்ற படங்களில் பயின்ற பொறியைக் கொண்டால் பழி தீர்ந்ததா? நானும் அவ்வாறே எண்ணி ஃபயர்ஃபிளையைப் பரிந்துரைத்தேன். தன் படக்களஞ்சியத்துக்குப் படம் தந்தவர்க்கு அந்நிறுவனம் ஊக்கத்தொகை வழங்கியதும் மெய். ஆனால், அதன் பயிற்சிப் படங்களில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு பிற பொறிகள் ஆக்கியவை என்று 2024 ஏப்ரலில் செய்தி வந்தது. ஊற்றுநீர் என்று குடித்ததில் ஆற்றுநீரும் கலந்திருக்கிறது! எனினும் கலப்பு இருக்கிறது என்பதற்காக எல்லாம் ஒன்றே என்று கைகழுவிவிட முடியாது. கூலி கொடுத்தும் குறை வைத்தவனையும், கூலியே கொடாதவனையும் நாம் ஒரு தட்டில் வைப்பதில்லை அல்லவா? பொது வேலைக்கு முன்னதையே தேர்க என்று இன்றும் அவனிடம் கூறுகிறேன். அதுவும் இரண்டு தெரு தள்ளி வாழ்பவரிடம் கேட்கவேண்டிய கடமையைத் தீர்த்துவிடாது.

மறுவாரம் அவன் பெரியவர் வீட்டுக்குச் சென்றான். நானும் உடன் சென்றேன். கொடுத்த தொகையை அவர் எண்ணாமல் வாங்கிக்கொண்டார். பலகையின் மூலையில் அவர் பெயரை இடலாமா என்று கேட்டபோதுதான் முகம் மாறியது. “நான் எழுதாத காலுக்கு என் பெயரா? காலை எடுத்துவிட்டுப் போடு” என்றார்.

பொறியிடம் காலை எடுக்கச் சொன்னான். ஒன்றை எடுத்து வேறொன்றை வைத்தது; மூன்றாம் முறை இரண்டு காலையும் எடுத்தது. இறுதியில் அச்சிட்ட தாளின்மீதே பெரியவர் தம் தூரிகையால் இறகைத் தாழ இறக்கிக் காலை மறைத்தார். அரைமணி நேரம் ஆயிற்று. கை நடுங்கியதால் இறகின் ஓரம் சற்றே நெளிந்திருக்கிறது. அந்தத் தாளைப் படம் எடுத்துத்தான் பலகை செய்தார்கள். மெஸ் வாசலில் இப்போது தொங்குவது அதுவே.