ராஜுவுக்காகப் பெய்த மழை

ஆர்.கே. நாராயணனின் ‘தி கைடு’ நாவலின் கடைசிப் பக்கத்தில் மழை பெய்ததா இல்லையா என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. அதைத் தழுவி 1965-இல் வந்த ‘கைடு’ இந்திப் படத்தின் கடைசிக் காட்சியில் மழை கொட்டித் தீர்க்கிறது. படம் வந்து அறுபது வருடம் ஆகிவிட்டது. நாவலா படமா என்ற பட்டிமன்றத்தை இப்போது மறுபடி நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. இந்த ஒரு மழைதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அது சினிமா ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, ஒரு அறக்கேள்வியும்கூட என்று நினைக்கிறேன். நான் கோவில்பட்டிக்காரன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மழை வருமா வராதா என்பது எங்கள் பக்கம் கதையின் முடிவல்ல, வருடா வருடம் வரும் கேள்வி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ராஜு மால்குடி ரயில் நிலையத்தில் கடை வைத்திருப்பவன், பிறகு சுற்றுலா வழிகாட்டி. குகை ஓவியங்களை ஆராய வரும் மார்கோவின் மனைவி ரோஸியைக் காதலிக்கிறான். அவளை நாட்டியக்காரியாக ஆக்குகிறான். அவள் சம்பாத்தியத்தில் ஆடம்பரமாக வாழ்கிறான். நகைக்காக அவள் கையெழுத்தைப் போட்டு மாட்டிக்கொண்டு சிறைக்குப் போகிறான். வெளியே வந்தவன் போக்கிடமில்லாமல் ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த கோயிலில் உட்கார்ந்திருக்க, வேலன் என்கிற கிராமத்தான் அவனைச் சாமியார் என்று நினைத்துவிடுகிறான். சோறு கிடைக்கிறது, இவனும் இருந்துவிடுகிறான். பிறகு பஞ்சம் வருகிறது. ஊருக்குள் அடிதடி. சண்டையை நிறுத்தாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று ராஜு சொல்லியனுப்பியதை, வேலனின் விவரமில்லாத தம்பி, மழை பெய்யும்வரை சாமி சாப்பிடமாட்டார் என்று ஊரில் போய்ச் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு குழறலில் ராஜு மாட்டிக்கொள்கிறான். தான் யார் என்று முழுக் கதையையும் வேலனிடம் சொல்லிப் பார்க்கிறான். எல்லாம் கேட்ட பிறகும் வேலனுக்கு அவன் சாமிதான்.

கடைசியில் ஒரு நாள் காலை இருவர் தாங்கிப்பிடிக்க ராஜு ஆற்றில் இறங்குகிறான். மலைகளில் மழை பெய்கிறது, தன் காலடியில் அதை உணர்கிறேன் என்று வேலனிடம் சொல்லிவிட்டுச் சரிகிறான். நாவல் முடிந்தது. அவன் செத்தானா, மழை வந்ததா, அவன் உணர்ந்தது உண்மையா, பசி மயக்கமா? எதற்கும் பதில் இல்லை.

*

1958-இல் வந்த இந்த நாவலுக்கு 1960-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. தேவ் ஆனந்த் உரிமை வாங்கினார். ஆங்கிலத்தில் ஒரு படம், இந்தியில் ஒரு படம் என்று திட்டம். பேர்ல் எஸ். பக் எழுதி டாட் டேனியலெவ்ஸ்கி இயக்கிய ஆங்கிலப் படம் வந்த சுவடே தெரியாமல் போனது. விஜய் ஆனந்த் இயக்கிய இந்திப் படம் பெரும் வெற்றி. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை என்று ஃபிலிம்பேர் விருதுகளை அள்ளியது. எஸ்.டி. பர்மனின் பாடல்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வஹீதா ரஹ்மானின் ரோஸியை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது.

ஏமாந்தது நாராயணன்தான். படக்குழுவை மைசூரைச் சுற்றி அழைத்துக்கொண்டு போய், தன் மனதில் இருந்த ஆறு, கோயில், கிராமம் எல்லாவற்றையும் காட்டியவர் அவர். அவர்கள் ராஜஸ்தானுக்குப் போய்ப் படம் பிடித்தார்கள். ஒரு சின்னத் தென்னிந்திய ஊரின் கதை, அரண்மனைகளும் ஏரிகளும் பின்னணியில் மின்ன, வண்ணத்தில் எழுந்து நின்றது. வழிதவறிய ‘கைடு’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் பின்னாளில் ஒரு கட்டுரையே எழுதினார். சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட வருத்தம் அது.

இடம் மாறியதை என்னால் மன்னிக்க முடிகிறது. மால்குடியே வரைபடத்தில் இல்லாத ஊர், உதய்பூரில் இருந்தால் என்ன? சினிமா வேறு ஊடகம், அதற்கு வேறு தேவைகள் என்ற வாதமும் சரிதான். வரிக்கு வரி நாவலைப் படமாக்கினால் அது தழுவல் அல்ல, நகல்.

ஆனால் மார்கோவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். நாவலின் மார்கோ கெட்டவன் இல்லை. குளிர்ந்துபோனவன், அவ்வளவுதான். மனைவியைவிடக் குகைச்சுவர் முக்கியம் அவனுக்கு. அதனால் ரோஸி அவனை விட்டு ராஜுவிடம் வருவதைப் படிக்கும்போது நமக்கு நிம்மதி கிடைப்பதில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவன் பக்கமும் ஏதோ இருக்கிறது. எடைபோட்டுப் பார்க்கும் வேலை நம்முடையது. படத்தின் மார்கோ கொடுமைக்காரன், பெண்களிடம் போகிறவன். அவனை விட்டு வருவதில் என்ன கேள்வி இருக்கிறது? பார்வையாளர் கையில் இருந்த தராசை மெல்ல வாங்கி வைத்துவிட்டார்கள்.

கடைசியில் பெய்யும் மழையும் இதே வேலையைத்தான் செய்கிறது. தராசு இன்னும் பெரியது என்பதுதான் வித்தியாசம்.

*

இரண்டு முடிவுகளையும் ஒருநாள் போனில் அம்மாவிடம் சொன்னேன். அவள் படமும் பார்த்ததில்லை, நாவலும் படித்ததில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, “கதையிலயாவது பெய்யட்டுமேப்பா. அதுல ஒனக்கு என்ன நட்டம்?” என்றாள்.

இதைவிட வலுவான எதிர்வாதத்தை நான் எந்த விமர்சகரிடமும் படித்ததில்லை. அந்தப் படம் வந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் அதன் கனம் இன்னும் கூடுகிறது. 1965-இலும் 66-இலும் நாட்டின் பெரும்பகுதியில் பருவமழை பொய்த்தது. பிகார் பஞ்சத்தில் விழுந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடே காத்திருந்தது. அந்த நேரத்தில் டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவனுக்குத் திரையில் கொஞ்சம் மழை காட்டினால் குற்றமா?

இன்னொன்றும் உண்டு. நாவலின் விதையாக ஒரு நிஜச் சம்பவத்தை நாராயணன் தன் சுயசரிதையில் சொல்கிறார். மைசூர்ப் பக்கம் கடும் வறட்சி. கிருஷ்ணராஜசாகர் வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. பிராமணர்கள் சிலர் காவிரியின் காய்ந்த படுகையில், செலவுசெய்து கொண்டுவந்த தண்ணீரில் முழங்கால் அளவு நின்று, பதினோரு நாள் உண்ணாமல் மந்திரம் ஓதினார்கள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது.

ஆம், நிஜத்தில் பெய்தது. அப்படியென்றால் படம்தான் உண்மைக்கு நெருக்கம். நாவலாசிரியர் பெய்த மழையைப் பிடுங்கிக்கொண்டவர். ராஜு சாக வேண்டுமா பிழைக்க வேண்டுமா என்பதில்கூட அவருக்குத் தயக்கம் இருந்திருக்கிறது. கிரகாம் கிரீன்தான் சாகட்டும் என்று உறுதியாகச் சொன்னாராம். அப்படித் தயங்கிய மனிதர், கையில் கிடைத்த அற்புதத்தை ஏன் கதைக்குள் விடவில்லை?

*

எங்கள் கரிசல் மண் விசித்திரமானது. காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் உப்பிப் பசையாகி, காலில் அப்பிக்கொண்டு விடாது. நல்ல மழை விழுந்தபின் நிலத்துக்குள் மாடும் இறங்க முடியாது, டிராக்டரும் இறங்க முடியாது. ஈரம் வாங்கிய பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால் பருவம் கைவிட்டுப் போகும். ஆகவே மானாவாரிக்காரர்கள் புரட்டாசி வாக்கில், மழைக்கு முன்னாலேயே, வெறும் புழுதியில் விதைத்துவிடுவார்கள். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதைப் பருவத்துக்கு முந்தைய விதைப்பு என்று பரிந்துரையாகவே சொல்கிறது. உளுந்து, பாசி, பருத்தி, சோளம் எல்லாம் இப்படிப் புழுதிக்குள் போய் வானத்துக்காகக் காத்துக் கிடக்கும்.

அம்மாவைப் பெற்ற தாத்தா விளாத்திகுளம் பக்கத்தில் அப்படி விதைத்தவர். மழை வராமல் போனால் விதை வீண்தானே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “வராட்டா வீண்தாம்லே. அதுக்காக வெதைக்காம இருந்தா, வந்த மழையும் வீண்தான?” என்றார். இது நம்பிக்கையா, கணக்கா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. விதைக்கிற அன்றைக்கே அந்தச் செயல் முழுமையாகிவிடுகிறது. பின்னால் மழை வந்ததா என்பதை வைத்து அவர் செய்தது சரியா தப்பா என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

நாவலின் ராஜுவுக்கும் அதுதான் நடக்கிறது. ஆரம்பத்தில் அவன் ஒளித்துவைத்ததைத் தின்று ஏமாற்றப் பார்க்கிறான். உண்ணாவிரதத்தின் நடுவே ஒரு நாள், சாப்பாட்டைப் பற்றிய நினைப்பையே விட்டுவிடுவது என்று தீர்மானிக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கு எந்த லாபமும் இல்லாத ஒன்றை முழு மனதோடு செய்கிறான். என் பார்வையில் அவன் விதைத்தது அங்கேதான். கதை அங்கேயே முடிந்துவிட்டது. மழை அதற்குச் சாட்சியாக வர வேண்டியதில்லை.

படத்திலும் இது தெரியாமல் இல்லை. சாகும் முன் ராஜு தன்னோடு தானே பேசிக்கொள்ளும் காட்சி இருக்கிறது. ஆசை, பயம், இன்பம், துன்பம் எல்லாவற்றையும் கடந்துவிட்டவனாக அவன் நிற்கிறான். ராஜு விட்டுவிட்ட கேள்வியைப் படம் விட மறுக்கிறது. உடனே வானத்தைத் திறந்துவிட்டு, போட்டதற்குப் பலன் கிடைத்தது என்று ரசீது கொடுக்கிறது.

*

சரி, ரசீது கொடுத்தால் என்ன? அம்மாவின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒரு நல்லவருக்காக ஊருக்கே மழை பெய்யும் என்ற எண்ணம் மூதுரை வழியாக நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்து சேர்ந்தது. கேட்க இதமான எண்ணம். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மழை பெய்யவில்லை என்றால் ஊரில் ஒரு நல்லவர்கூட இல்லை என்று ஆகிவிடுகிறது. ராஜுவின் தூய்மையால்தான் மழை வந்தது என்றால், மழை வராத ஊர்க்காரன் எதில் குறைந்துபோனான்?

2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அந்த வருடமும் கரிசலில் புழுதியில் விதைத்தார்கள். சாமி கும்பிட்டார்கள். அவர்கள் பிரார்த்தனையில் என்ன கலப்படம் இருந்தது? ‘கைடு’ படத்தின் தர்க்கத்தில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு, அது கொடூரமான பதில். ஆறுதல் சொல்லும் கதை, ஆறுதல் கிடைக்காதவனைச் சத்தமில்லாமல் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. அம்மா கேட்ட நட்டம் இதுதான்.

எங்கள் பக்கத்துச் சடங்குகள் இந்த விஷயத்தில் படத்தைவிட நுட்பமானவை என்று எனக்குத் தோன்றும். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஊரின் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் உருவத்தின்மேல் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் எரித்துவிடுவார்கள். பாவி யார் என்று எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. பழி வைக்கோலோடு போய்விடும். மழைக்கஞ்சி எடுப்பார்கள். வீடு வீடாக வாங்கிய கஞ்சியைப் பெண்கள் பொதுவில் வைத்துக் குடித்து, ஊரை விட்டுப் போகிறோம் என்று வானத்தைப் பார்த்து அழுவார்கள். அங்கே தலைகுனிய வேண்டியது வானம், மனிதர்கள் அல்ல.

என் வேலையில் தினமும் பார்க்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தரவுத்தளத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ‘தெரியாது’ என்று அர்த்தம். அதில் பூஜ்யம் இருந்தால் ‘இல்லை’ என்று அர்த்தம். மழைமானியை யாரும் போய்ப் பார்க்காத நாளும், பார்த்து மழை இல்லை என்று குறித்த நாளும் ஒன்றல்ல. அறிக்கை பார்க்க அழகாக இல்லையே என்று காலிக் கட்டத்தில் யாராவது ஒரு எண்ணைப் போட்டுவிட்டால், அந்த இடத்தில் நமக்குத் தெரியாது என்ற உண்மையும் சேர்ந்து அழிந்துபோகிறது. அதன்பிறகு போடும் கணக்கெல்லாம் அந்தப் பொய்யின்மேல்தான் நிற்கும். நாராயணன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். படம் நிரப்பிவிட்டது.

இதற்காகத் துயரமான முடிவுதான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. மழையே வராமல் ராஜு செத்து, வேலன் ஏமாந்து நின்றதாகக் காட்டியிருந்தாலும் அது இன்னொரு ரசீதுதான். நம்பினவன் முட்டாள் என்ற ரசீது. தெரியாததைத் தெரியாது என்று விட்டு, அந்தத் தெரியாமைக்குள் ஒரு மனிதன் எப்படி நடந்துகொண்டான் என்று மட்டும் காட்டுவது இரண்டையும்விடக் கடினம்.

சினிமாவில் அது முடியாது என்று சொல்வார்கள். முடியும் என்றுதான் நினைக்கிறேன். காய்ந்த ஆறு, இரண்டு பேர் தோளில் ராஜு, கரையில் ஜனக்கூட்டம். அவன் ஏதோ சொல்லிவிட்டுச் சரிகிறான். அவன் பார்த்த திசையில் வேலன் திரும்பிப் பார்க்கிறான், ஒவ்வொருவராக எல்லோரும் மலையைப் பார்க்கிறார்கள். மலையை நமக்குக் காட்ட வேண்டியதில்லை. அந்த முகங்களோடு நிறுத்தியிருந்தால், 1965-இல் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்களும் ஒரு நிமிடம் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்திருப்பார்கள்.