இரண்டாம் சீலமும் நோயாளியின் இரகசியமும்

ஐதராபாத் நகரத்தில் எர்ரகட்டா என்பது ஒரு பகுதியின் பெயர். அரசினர் மனநல மருத்துவமனை அங்கே அமைந்திருப்பதனால் அப்பெயரே ஏச்சுச் சொல்லாக வழங்கி வருகிறது. சென்னையில் கீழ்ப்பாக்கத்தின் பெயர் படும் பாட்டை அறிந்த தமிழருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. காலிலே புண் உற்றவன் எல்லாரும் காணப் பகலில் மருத்துவமனைக்குச் செல்கிறான். உள்ளத்திலே நோயுற்றவனோ அவ்வாயிலை அணுகவும் அஞ்சி, ஆண்டுக்கணக்கில் நோயை வளர்த்துக்கொண்டு வாழ்கிறான்.

இவ்வச்சத்தைத் தணிக்க இக்காலத்தில் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2020 மார்ச் 25ஆம் நாள் தொலைவழி மருத்துவத்திற்கான நெறிமுறைகள் நம் நாட்டில் வெளியிடப்பட்டன. 2022 அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. 14416 என்னும் எண்ணை அழைப்பவர் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். செகந்திராபாத்தில் வாழும் தமிழ்ப் பெண் ஒருத்தி, தெலுங்கிலே சொல்லத் தெரியாமல் நெஞ்சில் புதைத்து வைத்த துயரத்தை, தொலைவிலுள்ள ஒரு மருத்துவரிடம் தன் தாய்மொழியிலேயே சொல்லவும் இயலும். இது பெரும் நன்மை என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும், மருத்துவமனை வாயிலில் நோயாளியைக் கண்ட கண்கள் மறைந்த இடத்தில், அவர் சொல்லைக் கேட்கும் காதுகள் பெருகியிருக்கின்றன அல்லவா? ஒற்றை அறை வீட்டில் பேசும் பெண்ணின் பக்கத்தில் மாமியார் இருக்கிறார். கைப்பேசியோ கணவனுடையது. மருத்துவரின் அறையில் வேறு எவர் இருக்கிறார் என்பது திரையிலே தெரிவதில்லை. பேச்சு பதிவாகிறதா, பதிவானால் எங்கே இருக்கிறது, யார் அதனைத் திறக்கலாம் என்பதையும் அவள் அறியாள். அவள் உள்ளத்தைத் திறந்து வைத்தது யாருக்காக? அதை எடுத்துச் செல்ல உரிமை உடையவர் யார்? சட்டமும் பொறியும் மட்டும் இவ்வினாவிற்கு விடையளித்துவிட முடியாது. இது சீலத்தைச் சார்ந்த வினா.

படாசாராவின் வரலாற்றை நம் உபாசக உபாசிகைகள் அறிவார்கள். கணவனையும் மக்களையும் பெற்றோரையும் அடுத்தடுத்து இழந்து, சித்தம் கலங்கி, ஆடை நழுவியதும் உணராமல் சிராவஸ்தி நகரத் தெருக்களில் அலைந்தாள் அவள். ஊரார் அவளைப் பித்தி என்று இகழ்ந்து விரட்டினர். பகவான் புத்தரோ அவளைத் தங்கை என்று அழைத்து, நினைவு பெறுமாறு கூறினார். நினைவு திரும்பிய அக்கணத்தில் அவள் முதலில் உணர்ந்தது தன் ஆடையின்மையைத்தான். அங்கிருந்த ஒருவர் தம் மேலாடையை அவள்மீது வீசினார். அதனைப் போர்த்துக்கொண்ட பின்னரே அவள் தன் துயரக் கதையைச் சொன்னாள். முதலில் போர்வை, பிறகு பேச்சு. மனநோய்க்கு மருத்துவம் செய்வோர் அனைவரும் இவ்வரிசையை மறத்தல் ஆகாது.

நோயாளிக்குரிய நற்பண்புகளை விநயம் கூறுமிடத்தில், தன் நலம் நாடும் பணிவிடையாளரிடம் நோயை உள்ளவாறு வெளிப்படுத்துதல் அவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. பணிவிடை செய்பவரோ பொருளாசையால் அன்றி அன்பினால் அதனைச் செய்ய வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. கேட்பவர் காப்பார் என்னும் நம்பிக்கை இல்லாத இடத்தில் உண்மை வெளிவராது. உண்மை வெளிவராத இடத்தில் மருந்து பயன் தராது. இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட சிகாலோவாத சூத்திரமும், நண்பனின் இரகசியத்தைக் காப்பதனை நல்ல நண்பனின் இலக்கணங்களுள் ஒன்றாக எண்ணுகிறது.

நாம் நாள்தோறும் ஏற்கும் ஐந்து சீலங்களுள் இரண்டாவது, கொடாததைக் கொள்ளாமை. இதனைப் பொருளைத் திருடாமை என்று மட்டும் கொள்வது குறுகிய பொருள் என்பது நம் கருத்து. நோயாளி தன் உள்ளத்தை மருத்துவரிடம் கொடுக்கிறார். குணம் பெறுதல் என்னும் ஒரே காரியத்திற்காகக் கொடுக்கிறார். அது அடைக்கலப் பொருள். அதே செய்தியை வேலை கொடுத்தவரிடமோ, உறவினரிடமோ, விளம்பர வாணிகரிடமோ சேர்ப்பவர், தமக்குக் கொடுக்கப்படாத ஒன்றைக் கொண்டவராகிறார். அடைக்கலம் வாங்கியவர் உடையவராகிவிடுவதில்லை.

இவ்வுண்மையை நாட்டின் நீதியும் ஏற்றிருக்கிறது. அதுவும் ஐதராபாத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கிலேயே ஏற்றது. முத்திரைச் சட்டத்தின் ஆந்திரத் திருத்தம், வங்கியின் காவலிலுள்ள தனியார் ஆவணங்களையும் அதிகாரிகள் சோதித்துக் கைப்பற்ற இடமளித்தது. ஐதராபாத் மாவட்டப் பதிவாளருக்கும் கனரா வங்கிக்கும் இடையே நடந்த அவ்வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. அந்தரங்க உரிமை இடத்தைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது. தாளைப் பிறர் காவலில் வைத்ததனால் அவ்வுரிமை அழியாது என்பது அதன் கருத்து. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என நிலைநாட்டினர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி பற்றிய செய்திகளைக் காக்கும் கடமையை மருத்துவர்மீது வைத்து, மின்னணு வடிவில் உள்ளவற்றிற்கும் அக்காப்பு உண்டு என வெளிப்படையாகக் கூறுகிறது.

இனி, சம்மதம் என்பது யாது? நம்மவர்க்கு இது ஏட்டு வினாவன்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட நம் முன்னோர், படித்துக் காட்டப்படாத தாள்களில் கைநாட்டு இட்டு, நிலத்தையும் உழைப்பையும் இழந்ததை நாம் அறிவோம். தாளிலே பெருவிரல் பதிந்திருந்தது. உள்ளத்திலே இசைவு இல்லை. இன்று கைப்பேசித் திரையில் நீண்ட ஆங்கில வாசகத்தின் அடியில் ‘சம்மதம்’ என்ற கட்டத்தை அதே பெருவிரல் தொடுகிறது. இரண்டிற்கும் வேறுபாடு யாது? வற்புறுத்தலும் வஞ்சனையும் இன்றி, நன்மை தீமைகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்த பின் பெறுவதே சம்மதம் என்று மேற்சொன்ன சட்டம் வரையறுக்கிறது. விளங்காத இசைவு கொடையாகாது; கொடையல்லாததைக் கொள்வது சீலமாகாது.

தொலைவழி மருத்துவ நெறிமுறைகள் இங்கே ஒரு வேறுபாடு செய்கின்றன. நோயாளி தாமே அழைத்தால் சம்மதம் உள்ளதாகவே கொள்ளலாம். பிறர் அழைத்தால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். இது நல்ல விதி. எனினும், மகன் எண்களை அழுத்தித் தாயின் கையில் கருவியைக் கொடுத்தால் அழைத்தவர் யார்? பகவான் விருந்தழைப்பை மௌனத்தால் ஏற்றதுண்டு. அது மறுக்கவும் உரிமையுடைய, அறிந்தவரின் மௌனம். அஞ்சியவளின் மௌனத்தை அதனோடு ஒப்பிடலாகாது.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில், மகனை இழந்த அரசமாதேவி மணிமேகலைக்கு அறிவை மயக்கும் மருந்தை ஊட்டுகிறாள். அது பலிக்காமற்போகவே, நோயுற்றாள் என்று சொல்லிப் புழுக்கறையில் அடைக்கிறாள். நோய் என்னும் பெயரால் ஒருவர் விருப்பத்தை அழிப்பது எத்தகைய கொடுமை என்பதை அப்புலவர் அன்றே கண்டிருந்தார்.

இங்கே மூன்று மறுப்புகள் எழலாம். நம் நாட்டில் நோயாளியைக் காப்பது குடும்பமே. குடும்பத்திற்கு மறைத்தல் தகுமோ என்பது முதலாவது. குடும்பத்தின் தொண்டு பெரிது. ஆனால் தொண்டு செய்பவர் யார் என்பதை நோயாளியே சொல்லட்டும். தமக்குரிய பிரதிநிதியை அவரே குறிப்பிடச் சட்டம் வழி செய்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் என் செய்வது என்பது இரண்டாவது. அப்பொழுது ஆபத்தை நீக்குதற்கு வேண்டிய அளவு மட்டும் வெளியிடலாம். சட்டமும் அதையே சொல்கிறது, கருணையும் அதையே சொல்கிறது. அநாத்ம வாதிகளாகிய நமக்கு ‘என் இரகசியம்’ என்ற பற்று ஏன் என்பது மூன்றாவது. ‘நான்’ என்பது நிலையற்றதாயினும், அவமானத்தால் எழும் துக்கம் துக்கமே. தன் பற்றைத் தான் விடுவது துறவு. பிறன் போர்வையைப் பறித்துவிட்டு அவனுக்குத் துறவைப் போதிப்பது வன்முறை.

அந்தரங்கம் தொழில்நுட்பக் கோளாற்றாலோ பிறராலோ வெளிப்பட்டால் மருத்துவர் பொறுப்பாகார் என்றும் அந்நெறிமுறைகள் கூறுகின்றன. சட்டத்தின் முன் அது நியாயமாகலாம். ஆயினும் விழிப்பின்மையைத் தருமம் சிறு குற்றமாக எண்ணுவதில்லை. பின்லாந்து நாட்டில் வாஸ்தாமோ என்னும் உளமருத்துவ நிறுவனத்தின் பதிவேடுகள் களவாடப்பட்டன. 2020இல் நோயாளிகளுக்கே மிரட்டல் கடிதங்கள் சென்றன. துன்புற்றோர் 30,000க்கு மேற்பட்டவர். பூட்டப்படாத கதவின் வழியே வந்த கள்வன் குற்றவாளியே. அடைக்கலம் பெற்றும் பூட்டாதவன் குற்றமற்றவனோ?

ஆகவே, அன்பர்களே, அரசும் மருத்துவரும் செய்ய வேண்டுவன ஒருபுறமிருக்க, நாம் செய்யத்தக்கவை சில உள. வீட்டில் ஒருவர் மருத்துவரிடம் பேசும்போது அறையை விட்டு அகலுவோம். கதவைச் சாத்தி, வெளியே குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோம். அவர் கைப்பேசியைத் திறந்து பாரோம். எழுத்தறியாதவருக்குத் திரையிலுள்ளதைத் தமிழில் படித்துச் சொல்வோம். ‘வேண்டாம்’ என்று அவர் சொன்னால் அதனையும் மதிப்போம். பேச்சு பதிவு செய்யப்படுகிறதா, உடன் எவர் இருக்கிறார் என்று மருத்துவரைக் கேட்க அவருக்குத் துணிவூட்டுவோம். நம் சங்கக் கூட்டங்களில் எவருடைய நோயையும் பேச்சுப் பொருளாக்கோம்.

சாதியின் பெயரால் நம்மை நிறுத்தி, யார், எங்கிருந்து, எக்குலம் என்று கேட்டுத் திறந்து பார்த்த சமுதாயத்திலிருந்து நாம் வெளிவந்தோம். திறந்து பார்க்கப்படுவதன் வலியை அறிந்த நாம், இன்னொருவரின் உள்ளத்தை அவர் கொடாமல் திறக்கலாகாது. நாளை காலை இரண்டாம் சீலத்தை ஓதும்போது இதனையும் அதனுள் சேர்த்து ஓதுவோமாக.