கையெழுத்தா, தாலியா?

"ரெஜிஸ்டர் மட்டும்தான் பண்ணியிருக்காங்க, கல்யாணம் அடுத்த வருஷம்தான்." நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அப்படியென்றால் இன்றைக்கு அந்த இருவரும் கணவன் மனைவியா, இல்லையா?

சட்டத்திடம் கேட்டால் பதில் தெளிவு. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. 21 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பதிவாளர் முன்னிலையில் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அங்கே கையெழுத்துப் போட்ட அன்றே திருமணம் முடிந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ரெஜிஸ்டர் செய்த பிறகு, இரு வீட்டாருக்கும் சண்டை வந்துவிட்டது. "தாலிதான் ஏறலையே, ஒன்னும் ஆகல" என்றார்கள் பெரியவர்கள். ஆனால் சட்டப்படி அவர் ஒருவரின் மனைவி. நீதிமன்றம் தனி அனுமதி தந்தாலொழிய, 2 ஆண்டு முடியும்முன் விவாகரத்து மனுகூடப் போட முடியாது.

இதற்கு நேர்மாறாக, தாலி மட்டும் கட்டிவிட்டுப் பதிவைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. அக்னி சாட்சியாக மணந்தோம், அது போதாதா என்கிறார்கள். மனசாட்சிக்குப் போதும். ஆனால் நாளை கணவர் இறந்துவிட்டால், அக்னி அலுவலகத்துக்கு வந்து சாட்சி சொல்லாது. நிரூபிக்க அலைவது அந்தப் பெண்தான்.

என் பார்வையில் இரண்டு தரப்பும் செய்வது ஒன்றே. ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு, "இது இன்னும் முழுசா கணக்கில்ல" என்று பின்வாசலைத் திறந்து வைக்கிறார்கள். நான் படிக்கும் பொறியியலில், வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. கட்டடம் எழும்பட்டும், அப்புறம் பொறுப்பேற்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாக்கும் அப்படித்தான். சாட்சி அக்னியா, பதிவாளரா என்பதால் அதன் கனம் குறைவதில்லை. யாரிடம் கொடுத்தோமோ, அவர் அதை நம்பித் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்கிறார்.

சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. இருவரும் சுயவிருப்பத்தோடுதான் சம்மதிக்கிறார்களா என்று பதிவாளர் உறுதி செய்துகொள்ள வேண்டும். நம் மணவறையில் நாதஸ்வரம் உண்டு, அட்சதை உண்டு, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று வாய்விட்டுக் கேட்பவர் அரிது.

நண்பர்களே, அந்தக் கேள்வியைப் பாரம் நிரப்பும் முன்பே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் பேனாவை எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டால், அன்றிலிருந்தே கணவன் மனைவியாக நடந்துகொள்வோம்.