வெயில் யாருக்குப் பழக்கம்?

கோவிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது குருக்கள் சொல்லும் சங்கல்பத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? ஆண்டு, அயனம், ருது, மாதம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் நம் பெயருக்கே வருவார். தை மாதத்தில் அது ஹேமந்த ருது. முன்பனிக்காலம். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், செருப்பு விட்ட இடத்துக்குப் போவதற்குள் கால் பொசுங்கிவிடுகிறது. பனியாவது ஒன்றாவது!

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தபோது பெட்டிக்குள் வேட்டி சேலையோடு பருவகாலங்களையும் மடித்து வைத்துக் கொண்டுவந்தார்கள். இன்றும் மார்கழி விடியலில் நாம் திருவெம்பாவை பாடும் வேளையில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும். பாட்டும் சரிதான், வெள்ளமும் சரிதான். ஆனால் ஒன்று: காலண்டரைத் தூக்கிக்கொண்டு வரலாம், உடம்புக்கு அந்த வசதி கிடையாது. அது வந்திறங்கிய மண்ணின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் முதலிலிருந்து பழகியாக வேண்டும்.

அங்கே ஆறு பருவம். இங்கே நமக்கு இருப்பது இரண்டு பருவக்காற்று, நடுநடுவே பிற்பகல் இடிமழை, அவ்வளவுதான். கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. அதனால் "கோடை முடிஞ்சிடும், பொறுத்துக்கோ" என்று யாருக்கும் ஆறுதல் சொல்லவும் வழியில்லை.

திருச்சிப் பக்கமிருந்தோ புதுக்கோட்டைப் பக்கமிருந்தோ சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு வந்த ஒரு தம்பி முதல் வாரம் வீட்டுக்குப் போன் போட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அங்க வெயிலு எவ்வளவுப்பா?"

"முப்பத்திரண்டும்மா."

"அவ்வளவுதானா? இங்க நாப்பது! நீ குடுத்து வச்சவன் ராசா."

அம்மா சொல்வதில் தப்பில்லை, எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் உடம்பு எண்ணைப் பார்ப்பதில்லை. வியர்வை சுரப்பதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகிப் போனால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை. சொட்டுச் சொட்டாக வழியும், சட்டை நனையும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். ஊரில் மண்பானைத் தண்ணீர் அப்படி ஜில்லென்று இருக்கிறதே, அதே பானையை வாங்கி வந்து கோலாலம்பூரில் வைத்துப் பாருங்கள். அந்தக் குளிர்ச்சி வராது. பானையும் உடம்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

வெப்பமானியின் நுனியில் ஈரத்துணி சுற்றி அளக்கிற ஒரு முறை உண்டு. 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் அந்த ஈரத்துணி வெப்பமானி ஏறக்குறைய 23 டிகிரிதான் காட்டும். 32 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் 28 காட்டும். ஆக, உடம்பு சூட்டை வெளியே தள்ள முடிகிறதா என்ற கணக்கில் பார்த்தால், முப்பத்திரண்டு நாற்பதைவிடக் கடினமாக இருக்க முடியும். இந்த ஈரத்துணிக் கணக்கு 35-ஐத் தொட்டுவிட்டால், நல்ல திடகாத்திரமான ஆளும் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மன உறுதி, வைராக்கியம் எதுவும் அங்கே எடுபடாது. இயற்பியல் யாருடைய பக்திக்கும் தள்ளுபடி தருவதில்லை.

உடம்பு பழகிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், அதே வேலைக்கு இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடிக்கும். அற்புதமான ஏற்பாடு. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, படிப்படியாக நடக்க வேண்டும். முதல் நாளே எட்டு மணி நேரம் கம்பி கட்டச் சொன்னால் பழக்கம் வராது, மயக்கம்தான் வரும். இரண்டு, விட்டுவிட்டால் சில வாரங்களில் பழக்கமும் போய்விடும். அதாவது, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டில் ஏர்கோன், காரில் ஏர்கோன், ஆபீசில் ஏர்கோன் என்று வாழ்கிற நம் உடம்பு, வெயிலைப் பொறுத்தவரை வெளியூர் உடம்புதான். நாமே வெயிலுக்குப் புதுசு. ஆனால் வெயிலில் நிற்பவனைப் பார்த்து "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்று சொல்வதும் நாம்தான்.

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இதைக் கண்டுபிடித்தது நாமல்ல. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது வெள்ளைக்காரத் துரைகளும் இதைத்தான் சொன்னார்கள்: தமிழன் உஷ்ணத்துக்குப் பழகினவன், அடங்கினவன், மலாயாவுக்குத் தோதானவன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்கள் வந்து சேர்ந்தது தஞ்சாவூர் வெயிலோ இராமநாதபுரத்து வறட்சியோ அல்ல. காடு அழித்த சதுப்பு, கொசு, மலேரியா, ஓயாத ஈரம். அவர்களும் பழகினார்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, வெயில் ஏறுமுன் பால் வெட்டி, மழை பெய்தால் வெட்டும் இல்லை கூலியும் இல்லை என்பதற்குப் பழகி, பிப்ரவரி மார்ச்சில் பால்மரங்கள் இலை உதிர்க்கும்போது வருமானம் குறையும் என்பதற்கும் பழகி, ஒரு புதிய பருவ அட்டவணையையே உடம்பில் எழுதிக்கொண்டார்கள். அதை நாம் இன்று பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுத்து அங்கேயே புதைந்தவர்கள் எத்தனை பேர்! துரையின் வாயில் "பழக்கம்" என்ற சொல் பாராட்டு அல்ல, ஒரு சாக்கு. மருந்துக்கும் நல்ல வீட்டுக்கும் செலவழிக்காமல் இருப்பதற்கான சாக்கு. மூன்று நான்கு தலைமுறைக்குப் பிறகு அதே சாக்கு நம் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பேசப்படும் ஆள்தான் மாறியிருக்கிறான். வங்காளதேசி, நேபாளி, சில நேரம் நம்ம ஊர்த் தம்பியே.

"சமயமே பொறுமையைத்தானே சொல்லுது?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் 14-வது சுலோகம் இதைப் பற்றியதுதான்: குளிரும் வெப்பமும், சுகமும் துக்கமும் வந்துபோகிறவை, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று கண்ணன் சொல்கிறார். திதிக்ஷை என்று இதற்குப் பெயர். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் வியர்த்தால் முகம் சுளிப்பதும், காத்தாடிக்கு நேராக இடம் கிடைக்கவில்லை என்று தேவார வகுப்புக்கே வராமல் இருப்பதும் நமக்கு அழகில்லை. விரதமிருந்து காவடி எடுத்துப் பத்துமலையின் 272 படிகளை ஏறுகிறவர், சிங்கப்பூர் மாரியம்மன் கோவிலில் தீமிதிக்கிறவர் எல்லாரும் உடம்புக்கு அடிமையாகாமல் இருக்க முடியும் என்று காட்டுகிறவர்கள்தான்.

ஆனால் அந்தச் சுலோகம் எங்கே நின்று சொல்லப்பட்டது என்று பாருங்கள். மாளிகையில் சாய்ந்துகொண்டு வெளியே நிற்பவனுக்குச் சொன்ன புத்திமதியா அது? சொன்னவர் அதே தேரில், அதே வெயிலில், அதே புழுதியில், குதிரையின் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்பு வந்தால் முதலில் அவருக்கு. பொறுத்துக்கொள் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. ஏர்கோன் அறையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதைச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தத் தம்பியிடமே கேட்டால் "பரவால்லண்ணே, பழகிடுச்சி" என்றுதான் சொல்வான். சிரித்துக்கொண்டே சொல்வான். அவனே சொன்ன பிறகு நாம் யார் பேச? வெளியிலிருந்து பார்த்தால் தவமும் கட்டாயமும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் வாய் திறக்காத ஒரு மனிதன் வெயிலில் நிற்கிறான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவன் நிறுத்த முடியுமா? காவடி எடுத்தவருக்கு முடியாமல் போனால் இறக்கி வைக்கலாம். நாலு பேர் ஓடிவந்து தாங்குவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், யாரும் திட்ட மாட்டார்கள். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவன் தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்தால் அன்றைய சம்பளம் என்னாகும், அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதெல்லாம் அவன் மனதில் ஓடும். அவனுடைய பொறுமையை நான் மதிக்கிறேன். அதைக் காரணம் காட்டி நான் கையைக் கட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் எனக்கு ஒப்பவில்லை.

அப்பர் பெருமானின் வரலாற்றில் இரண்டு காட்சிகளை நாம் தனித்தனியாகவே படித்திருக்கிறோம். பல்லவ மன்னன் அவரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு அடைத்தான். அவர் அந்த நீற்றறையைக் குளிர்ச்சியாக உணர்ந்து பதிகம் பாடினார். இது ஒன்று. திங்களூரில் அப்பூதியடிகள், அதுவரை அப்பரைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர், வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்து அதற்குத் திருநாவுக்கரசு என்று பேர் எழுதினார். இது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிலிர்க்கிறது. காளவாய்ச் சூட்டையே தாங்கியவரின் பக்தர் அவர். "எங்க குரு காளவாயையே தாங்குனாரு, உங்களுக்கு இந்த வெயில் ஒரு வெயிலா?" என்று வழிநடந்து வருகிறவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பேரிலேயே நிழலும் தண்ணீரும் வைத்தார். தாங்கும் கதை தனக்கு, தண்ணீர் அடுத்தவனுக்கு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஏர்கோனைத் திட்டுவது என் நோக்கமல்ல. லீ குவான் யூவே அதைப் பெரிதும் புகழ்ந்தவர்; பிரதமரானதும் முதல் வேலையாக அரசு அலுவலகங்களில் அதைப் பொருத்தியதாகச் சொன்னவர். குளிர்ந்த அறையில் மூளை வேலை செய்கிறது, உண்மைதான். ஆனால் அந்த இயந்திரம் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நம் அறையில் எடுத்த சூட்டோடு மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துப் பின்பக்கச் சந்தில் கொட்டுகிறது. அந்தச் சந்தில் உணவகத்துப் பாத்திரம் கழுவுகிற அக்கா நிற்கிறார். நம்முடைய குளிர்ச்சியை யாரோ ஒருவர் பின்னால் நின்று சுமக்கிறார். இது உவமையல்ல, நிஜமாகவே நடப்பது.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2023 அக்டோபர் முதல், வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பு செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். புதிதாக வந்தவர்களைப் படிப்படியாக வெயிலில் இறக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். மலேசியாவில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016-ல் வழிகாட்டி வெளியிட்டது. நல்லது. ஆனால் சட்டம் எட்டாத இடங்கள் இருக்கின்றன, அவற்றில் சில நம் கையில் இருப்பவை.

நம் கோவில்களையே எடுத்துக்கொள்வோமே. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரத்தில் மாதக்கணக்கில் சுதை வேலை செய்யும் சிற்பிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் அங்கிருந்து வந்தவர்கள். பல இடங்களில் குருக்களும் அப்படித்தான். காற்றோட்டமில்லாத கருவறையில், எரியும் விளக்குகளுக்கு நடுவே, விசேஷ நாளில் மணிக்கணக்கில் நிற்கிறார். கல்யாண மண்டபத்துக்கு ஏர்கோன் போட நன்கொடை சேர்வதுபோல, சிற்பிகள் தங்கும் அறைக்கு இரண்டு காத்தாடி வாங்க நன்கொடை சேர்வதில்லை. கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அடுத்த தைப்பூசத்துக்கும் நம் கிளைகள் தண்ணீர்ப்பந்தல் போடும். மோர், பானகம், சிரப்புத் தண்ணி, ஐஸ்கட்டி, பெரிய ஒலிபெருக்கி எல்லாம் தயாராகிவிடும். விடிய விடிய ஊற்றிக் கொடுப்பதில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பந்தலுக்கான இரும்புக் கம்பியும் தகரமும் இரண்டு நாள் முன்பே லோரியில் வந்து இறங்கும். உச்சிவெயிலில் மேலே ஏறி நின்று அதை மாட்டுகிறவர்கள் நாலைந்து பேர். அந்த மத்தியானம் பந்தலில் தண்ணீர்ப் பீப்பாய் வந்து சேர்ந்திருக்காது. தொண்டர்களின் பணிநேர அட்டவணையும் அன்றைக்கு இன்னும் தொடங்கியிருக்காது.