குமட்டலும் தலைசுற்றலும்: கவலை உடலில் இறங்கும்போது

 

 

ஓதிப் பார்க்க வருகிறவர்கள் சொல்லும் வார்த்தைகள் பல நேரம் ஒன்றுபோலவே இருக்கின்றன. "ஹஜ்ரத், காலையில எழுந்தாலே குமட்டுது. நின்னா தலை சுத்துது. ரெண்டு வாய் சாப்பாடு இறங்கல. ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லேங்குறாங்க. யாரோ ஏதோ செஞ்சு வச்சிருக்காங்க போல." எப்போதிலிருந்து என்று கேட்டால் உடனே பதில் வராது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் மெல்ல வரும். குழுக் கடனில் மூன்று வாரத் தவணை நின்றுபோயிருக்கும். பிள்ளைக்குப் பரீட்சை நெருங்கியிருக்கும். ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் போகிற பையனுக்கு வேலை நிரந்தரமாகுமா என்று தெரியாமல் இருக்கும். பேசி முடித்த நிக்காஹ் நின்றுபோயிருக்கும்.

இதில் "ஒண்ணும் இல்லை" என்ற சொல்லை நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். ஸ்கேனில் கட்டி இல்லை, இரத்தத்தில் கிருமி இல்லை என்றுதான் டாக்டர் சொல்கிறார். வலியே இல்லை, குமட்டலே இல்லை, இவள் நடிக்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. நாம் வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு சொல்லை வைத்து, மாமியார் "நடிப்பு" என்கிறார், பக்கத்து வீட்டம்மா "செய்வினை" என்கிறார், கொஞ்சம் மார்க்கம் படித்த நம் தம்பி "ஈமான் பலவீனம்" என்கிறார். மூன்றுமே அந்தப் பெண்ணின் தலையில்தான் இறங்குகின்றன.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? அல்லாஹ் மனிதனைப் படைத்தபோது ஆபத்து வந்தால் ஓடவும் எதிர்க்கவும் ஓர் ஏற்பாட்டை உள்ளேயே வைத்திருக்கிறான். ஏரிக்கரையில் பாம்பைக் கண்டால் யோசிப்பதற்கு முன்பே கால் பின்வாங்குகிறதல்லவா, அதுதான். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஓட வேண்டிய நேரத்தில் ஜீரணம் அவசரமில்லை, ஆகவே இரைப்பை தன் வேலையை மெதுவாக்குகிறது. தின்றது அப்படியே நிற்கிறது, குமட்டுகிறது. மூளைக்கும் குடலுக்கும் இடையே வேகஸ் என்ற நரம்பு ஓடுகிறது. மேலே உள்ள கலக்கத்தைக் கீழேயும், கீழே உள்ளதை மேலேயும் அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

தலைசுற்றலுக்கும் வழி இருக்கிறது. பயத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிறது. அப்படி விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. "ஐயோ, விழுந்துவிடுவேனோ" என்று அடுத்த பயம் வருகிறது. அந்தப் பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகிறது. பாம்பு போய்விடும், உடம்பு அடங்கிவிடும். ஆனால் திங்கட்கிழமை தவணை ஒவ்வொரு வாரமும் வருகிறதே! உடம்புக்கு அடங்க நேரமே கிடைப்பதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. பல்ஃக் நகரத்தில் கி.பி. 934-ல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்ஃகீ, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் சேர்த்து 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று ஒரு கிதாபே எழுதினார். ஒன்று கெட்டால் மற்றதையும் தொடும், மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்துவிட்டு உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய குறை!

இப்போது ஈமான் பலவீனம் என்கிற பேச்சுக்கு வருவோம். யஃகூப் (அலை) அவர்களைவிட உறுதியான ஈமான் யாருக்கு இருக்கிறது? அழகிய பொறுமை என்ற சொல்லையே அவர்கள் வாயிலாகத்தான் நாம் கற்றோம். அந்த நபியின் கண்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் வெளுத்துப்போயின என்று சூரா யூசுஃபில் அல்லாஹ்வே சொல்கிறான். வீட்டில் இருந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்? இன்னும் யூசுஃபையே நினைத்துக்கொண்டிருந்தால் உருக்குலைந்துதான் போவீர்கள் என்று கடிந்துகொண்டார்கள். நம் வீடுகளில் கேட்கிற அதே தொனி. அவர்களோ தம் துயரத்தை அல்லாஹ்விடம்தான் முறையிடுவதாகச் சொன்னார்கள். பொறுமையும் இருந்தது, கண்ணும் போயிற்று. இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே நேரத்தில்.

ஹிஜ்ரி 5-ல் அகழ்ப் போரின்போது மதீனாவைப் படைகள் சூழ்ந்தன. இதயங்கள் தொண்டைக்குழி வரை வந்துவிட்ட நிலையை சூரா அஹ்ஸாப் வர்ணிக்கிறது. அங்கே நின்றவர்கள் ஸஹாபாக்கள். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, விழுங்க முடியவில்லை என்று சொல்பவரைப் பார்த்து இனி யாரும் சிரிக்க வேண்டாம்.

பெரியோர்களே, இதில் நாம் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் ஹிராவிலிருந்து நபி (ஸல்) அவர்கள் வீடு திரும்பிய அந்த வேளை. புகாரியின் ஆரம்பத்திலேயே வருகிறது. முதல் வஹீ இறங்கிய அதிர்ச்சியில் உடல் நடுங்க வந்து, என்னைப் போர்த்துங்கள் என்றார்கள். கதீஜா (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் போர்த்தினார்கள். "என்ன ஆச்சு, யார் என்ன சொன்னா, எங்கே போனீங்க" என்று கேள்வி அடுக்கவில்லை. நடுக்கம் அடங்கும் வரை காத்திருந்தார்கள். பிறகுதான் பேச்சு. எனக்கே ஏதோ ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்று அவர்கள் சொன்னபோது, "உங்களுக்கா பயம்?" என்று மடக்கவில்லை. நீங்கள் உறவுகளைச் சேர்ந்து வாழ்கிறீர்கள், சுமைப்பட்டவரின் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவருக்குக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்று அவர்களிடமிருந்த நன்மைகளை அவர்களுக்கே எடுத்துச் சொன்னார்கள். பயந்துபோனவனுக்கு முதலில் மறந்துபோவது தன்னிடம் உள்ள நல்லதுதான். அதன்பின், தம் சொல் மட்டும் போதும் என்று விட்டுவிடாமல், விஷயம் அறிந்த வரகா பின் நவ்ஃபலிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். தனியாகப் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பவில்லை, கூடவே போனார்கள்.

உடம்பை முதலில் ஆற்றுவது, பிறகு ஆறுதல், பிறகு அறிந்தவரிடம் கூட்டிப் போவது. நம் வீடுகளில் இந்த மூன்றில் எது நடக்கிறது?

அறிந்தவர் யார் என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல இல்லம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் தலைசுற்றலுக்காக வந்தவர்கள் அல்ல, கடுமையான மனநோய் உள்ளவர்கள். ஆனால் பல குடும்பங்களை அப்படிப்பட்ட வாசலுக்கு அழைத்துப் போகிற பாதை, "யாரோ ஏதோ செஞ்சுட்டாங்க" என்ற அந்த முதல் வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. அந்தத் துயரத்துக்குப் பின் அரசு அங்கிருந்த அத்தகைய இல்லங்களை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இன்று ஏர்வாடியிலும், குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவிலும் 'தவா துஆ' என்ற பெயரில், துஆவுக்கு வருகிறவர்களை அங்கேயே மனநல மருத்துவரும் பார்க்கிறார்கள். தவா என்றால் மருந்து. ஓதுவதை நான் மறுக்கவில்லை, நானும் ஓதித்தான் கொடுக்கிறேன். நோய்க்கு மருந்து செய்துகொள்ளுங்கள், முதுமை தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்று சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு தகடு எடுப்பவரிடம் போகிற பணத்துக்கு நல்ல டாக்டரைப் பார்த்துவிடலாம்.

அதேசமயம் எல்லாவற்றையும் கவலை என்று தள்ளிவிடவும் கூடாது. இரத்தசோகை, சர்க்கரை குறைவது, பி.பி. மாத்திரையை விட்டுவிடுவது, காதின் உட்பகுதிக் கோளாறு, கர்ப்பம் இவற்றிலும் தலை சுற்றும், குமட்டும். எனவே முதலில் டாக்டர். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறுவது, இரத்த வாந்தி என்றால் ஓதுவதற்கு என்னிடம் வராதீர்கள், 108-க்கு அடியுங்கள். எல்லாம் பார்த்து, மனதின் பாரம்தான் என்று தெரிந்தால் அதற்கும் மருத்துவம் உண்டு. அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், 104-லும் பேசலாம். பெயரைச் சொல்லி ஊரெல்லாம் பரப்புவார்களோ என்ற பயம் வேண்டாம். நம் தெருவைவிட அங்கே இரகசியம் பத்திரமாக இருக்கும்!

தலை சுற்றும் நேரத்தில் உட்காருங்கள், மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மெல்ல திக்ர் செய்தால் மூச்சு தானாகவே நிதானப்படும். ஜும்ஆவுக்கு வந்து, எங்கே மயங்கிவிடுவோமோ என்று வாசலோரம் செருப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர்களுக்கு ஒரு மஸ்அலா: நின்று தொழுதால் தலை சுற்றும் என்ற பயம் உண்மையிலேயே இருந்தால் உட்கார்ந்து தொழலாம். ஃபிக்ஹு கிதாபுகளில் தலைசுற்றலுக்கு 'தவரானுர் ரஃஸ்' என்று பெயர் சொல்லியே இந்தச் சலுகையை எழுதியிருக்கிறார்கள். அதற்காக ஜும்ஆவையே விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு இளைஞர் உட்கார்ந்து தொழுதால் ஏற இறங்கப் பார்க்காதீர்கள்.

மரணம் நடந்த வீட்டைப் பற்றியும் ஒன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் துக்கத்தில் இருப்பவருக்கு வாற்கோதுமை மாவில் செய்த தல்பீனா கஞ்சியைக் கொடுக்கச் சொல்வார்கள். அது நெஞ்சுக்கு இதமளிக்கும், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள். நாம் பிரியாணி அண்டாவை அனுப்புகிறோம். வந்தவர்கள் சாப்பிடுகிறார்கள், இழந்தவருக்கு இறங்குவதில்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமா?

கடைசியாக, கவலையின் வேரைப் பற்றி. பள்ளிவாசலில் தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்திருந்த அபூ உமாமா (ரலி) அவர்களைப் பார்த்து, ஏன் இந்த நேரத்தில் என்று நபி (ஸல்) அவர்களே விசாரித்ததாக அபூதாவூதில் வருகிறது. கவலைகளும் கடனும் என்றார்கள் அவர்கள். அப்போது கற்றுக்கொடுத்த துஆவில் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் தொடங்கி, கடன் மேலோங்குவதிலிருந்தும் மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் பாதுகாப்புத் தேடுகிறோம். கவலையும் கடனும் ஒரே துஆவில் வருவதைக் கவனியுங்கள். வாசலில் வந்து நின்று, பெண்பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டுத் தவணை கேட்பது அந்த அடக்குமுறையில் சேராதா? கடன் வசூலில் இப்படி வற்புறுத்துவதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

கடன் கொடுத்திருப்பவர்களில் நம் ஜமாஅத்தாரும் இருக்கிறார்கள். சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி சூரா பகராவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். உங்கள் கைமாற்றுக்காகக் காலையில் ஒருவருக்குக் குமட்டுகிறது என்றால், அவருக்கு இரண்டு மாதம் அவகாசம் என்று இன்று மாலையே சொல்லி அனுப்புங்கள். ஸகாத்தில் கடன்பட்டவருக்கு ஒரு பங்கு இருப்பதை முத்தவல்லி அவர்களிடமும் நினைவூட்டியிருக்கிறேன். யாருக்குத் தேவையோ, பெயர் வெளியே வராது. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் நான் ஹுஜ்ராவில்தான் இருப்பேன். பெண்கள் தங்கள் வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு அஸருக்குப் பின் வரலாம்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் வெளியே சொல்ல முடியாமல் நடுங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைப் போர்த்துகிற கைகளாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.