ஒரு நாள் அன்பு

விடுமுறைக் காலம் வந்துவிட்டால், நம் நாடுகளிலிருந்து தொண்டுக் குழுக்கள் கம்போடியாவுக்குப் பிரயாணமாவது வழக்கமாகியிருக்கிறது. அங்கே ஓர் அநாதை விடுதியில் ஒரு பகலைக் கழிக்கின்றனர். காலையில் மிட்டாயும் புத்தகமும் வழங்குகின்றனர். நடுப்பகலில் குழந்தைகளோடு அமர்ந்து உண்கின்றனர். பாட்டும் விளையாட்டுமாகப் பொழுது சாய்கிறது. மாலையில், கழுத்தைக் கட்டிக்கொண்ட சிறு கைகளை மெல்ல விலக்கிவிட்டுக் கண்ணீரோடு வண்டி ஏறுகின்றனர். அவர்களுடைய உள்ளம் நல்லதே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், அறிவுடையோர் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்த நாளின் பயன் யாருக்கு?

வந்தவர் மனநிறைவோடு திரும்புகிறார். குழந்தைக்கோ, இன்னும் ஒருவர் வந்து போனார் என்பதே மிச்சம். அடுத்த வாரம் வேறொருவர் வருவார், அவரும் போய்விடுவார். ஜான் பௌல்பி என்னும் ஆங்கிலேய மனோதத்துவ வைத்தியர், 1951-ம் ஆண்டில் உலகச் சுகாதார ஸ்தாபனத்துக்கு அளித்த அறிக்கையில், தாயோ தாய்க்கு நிகரான ஒருவரோ நிலையாக உடனிருப்பது குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று வற்புறுத்தினார். சோறு உடலை வளர்க்கும். மனத்தை வளர்ப்பது மாறாத ஒரு முகமே.

இதனினும் கொடியது மற்றொன்று. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரை இத்தகைய விடுதிகள் 75 சதவிகிதம் பெருகின. யுத்தம் ஓய்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர் அநாதைகள் பெருகுவானேன்? ஆராய்ந்தபோது, விடுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருப்பது தெரியவந்தது. படிப்பும் வயிறாரச் சோறும் கிடைக்குமென்று நம்பி, ஏழைப் பெற்றோர் பிள்ளையை ஒப்படைத்தனர். பிள்ளைகள் நிறைந்த விடுதிக்கே பார்வையாளர் வருவர். பார்வையாளர் வந்தால் பணம் வரும். ஆகவே பிள்ளையைத் தேடிக் கிராமத்துக்கு ஆள் போயிற்று. அந்தோ! அநாதைக்காக இரங்கிக் கொடுத்த பொருளே, தாயுள்ள பிள்ளையை அநாதையாக்கிற்று.

"உண்மையிலேயே ஆதரவற்ற பிள்ளைக்கு விடுதி வேண்டாமோ?" என்பீர்கள். வேண்டும். இது நம்மவர் அறியாததன்று. 1942, 1943-ம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தோட்டத் தொழிலாளரில் பல்லாயிரவர் மாண்டனர். லயங்களில் பிள்ளைகள் தனித்து நின்றனர். கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தர் 1949-ல் சுத்த சமாஜத்தைத் தோற்றுவித்து, ஆதரவற்ற குழந்தைகளுக்கு நிழல் தந்தார். அங்கே தொண்டேற்ற மங்களம் அம்மையார், 2023-ல் மறையும் வரை, எழுபதாண்டுகளுக்கு மேல் அக்குழந்தைகளுக்கு அன்னையாக விளங்கினார். அவர் அளித்தது ஒரு பகலன்று, ஓர் ஆயுள்.

எல்லோரும் ஆயுளை அளித்தல் இயலாது, உண்மைதான். ஆனால் எல்லோரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிரயாணச் சீட்டு வாங்குமுன் கேளுங்கள்: இப்பிள்ளைக்குத் தாய் இருக்கிறாளா? இருந்தால், அவளிடம் அது வளர முடியாதது ஏன்? அரிசி இன்மையாலா? பள்ளிச் செலவாலா? அந்தக் குறையைத் தீர்க்க, உங்கள் பிரயாணச் செலவை அனுப்புங்கள். படம் எடுக்க அங்கே ஒன்றும் இராது. நன்றி கூறிக் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் குழந்தையும் வராது. அது தன் தாயின் மடியில் இருக்கும்.

அன்பர்களே, நம் கண்ணீரைத் துடைப்பதற்காகப் பிறர் குழந்தையைக் கருவியாக்குதல் தருமமாகாது. கொடுத்தவன் முகமே தெரியாமல் பிள்ளை தன் வீட்டில் வளருமாயின், அதுவே தருமம்.